வரைபடத்தில் விட்டுப்போன கம்பி

ஹெலிகாப்டரில் ஏறும் வரைக்கும் நான் ஏறிய உயரமெல்லாம் தொலைபேசிக் கம்பத்தின் உயரம்தான். மலாக்கா டவுனில் தொலைபேசி லைன்மேனாக இருந்தேன். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலமும் முடிந்திருந்தது. எனக்கு முப்பது வயது நிறையவில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவர் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் இருந்த செட்டி கிராமத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி வந்தவர்கள் அங்கே, அவர்களில் பலரைப் போல அவருக்கும் தமிழ் வராது. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும். என்னைவிட நாலு மாசம் சின்னவர் என்பதால் என்னை 'அபாங்' என்பார், அண்ணன் என்று. நான் கம்பத்தில் ஏறினால் அவர் கீழே நிற்பார், அவர் ஏறினால் நான் நிற்பேன். ஒரு நாளில் பாதி நேரம் ஒருவர் உள்ளங்காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலையில் எங்கள் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"செமாபோக் தாண்டி உள்ள போற தோட்டம் இருக்கே, அங்க ஹெலிகாப்டர் வருதாம். பால் மரத்துக்கு மருந்து போட. கம்பி எல்லாம் எங்க எங்க ஓடுதுன்னு தெரிஞ்ச ஆள் வேணுமாம். நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் போயிட்டு வாங்க."

"மேல பறக்கிறதுக்கும் நம்ம கம்பிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அதை ஓட்டுறவர்கிட்டயே கேட்டுக்க."

எனக்கு அந்த ரப்பர் தோட்டம் நன்றாகத் தெரியும். அங்கே தொலைபேசிக் கம்பி இழுத்தவர்களில் நானும் ஒருவன். அதைவிட முக்கியம், என் மனைவியின் அக்கா அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் வேலையில் இருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், எதற்கும் சிரிப்பு. நானும் என் ஜோடிக்காரரும் அந்த ஒரு வாரமும் அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. என் மனைவி ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

ஹெலிகாப்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நாங்கள் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஒரு பெரிய வரைபடத்தைக் கொடுத்தார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு, கம்பி போகும் வழியெல்லாம் நடந்தோம். பெரிய ரோட்டிலிருந்து ஆபீசுக்கு வரும் தொலைபேசிக் கம்பி. ஆபீசிலிருந்து தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் போவது. தொழிற்சாலை ஜெனரேட்டரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பங்களாவுக்கும் போகும் மின்சாரக் கம்பி. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கோடு. என் ஜோடிக்காரர் கம்பங்களில் ஏறி உச்சியில் சிவப்புத் துணி கட்டினார். இரண்டாம் நாள் சாயங்காலம் படம் முடிந்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து ஒருநாளும் நல்ல மதிப்பெண் வாங்கியவன் இல்லை நான்.

சாயங்காலங்களில் குளித்துவிட்டு வீட்டு முன்னால் இருந்த அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்காருவோம். சகலை தன் பேட்டரி வானொலியை வைப்பார். லயத்தில் மின்சாரம் கிடையாது. வானொலிக்கு லைசென்ஸும் கிடையாது, அதனால் கதவை ஒருக்களித்து வைத்துத்தான் பாட்டு. கொழும்பிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பு அவருக்கு உயிர். அலை மேலெழுந்து தெளிவாகக் கேட்கும்போது, தானே கடலைத் தாண்டிக் கொண்டுவந்த மாதிரி எங்களைப் பார்ப்பார். என் ஜோடிக்காரருக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தலையாட்டிக் கேட்பார்.

ஹெலிகாப்டர் தமிழ்ப்பள்ளித் திடலில் வந்து இறங்கியது. முன்னால் கண்ணாடிக் கூண்டு, பின்னால் வெறும் எலும்பாக நீண்ட வால், இரண்டு பக்கமும் தூள் கொட்டுகிற தொட்டி. தோட்டத்து ஜனம் முழுவதும் திரண்டு வந்தது. அவசரகாலத்தில் ராணுவ ஹெலிகாப்டர்களைப் பார்த்திருந்த சிலர் மட்டும் கிட்டே வராமல் மரத்தடியிலேயே நின்றார்கள். அந்தச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தியே பழக்கம் என்று ஒரு அம்மா சொன்னார்.

ஓட்டி வந்தவர் நியூசிலாந்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. வெயிலில் காது இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. அவருடைய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது, மீதியைக் கையால் சொன்னார். என் படத்தை வாங்கி இறக்கைக்குக் கீழே விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்," என்றார். "வாங்க, மேலே போய் இதிலே எதெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு பார்க்கலாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் ஜோடிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மிகவும் அக்கறையோடு என் சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கீழே விழுந்துவிடக்கூடாதாம்.

கதவு இல்லை. இடுப்பில் ஒரு வார், அவ்வளவுதான். திடல் கீழே நழுவியது. லயத்துத் தகரக் கூரைகள் சீட்டுக்கட்டு மாதிரி ஆயின. தூரத்தில் கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. கிளேபாங் பக்கம் கரை வளைந்து போவதைக்கூடப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்குமேல் பயம் இல்லை. அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பல்லெல்லாம் காற்றில் உலர்ந்துவிட்டது.

பிறகு அவர் மரத்தலை உயரத்துக்கு இறங்கினார். "உங்கள் கம்பி எங்கே, காட்டுங்கள்," என்றார்.

நான் தேடினேன். என் கையால் இழுத்த கம்பி, எந்த இடத்தில் எவ்வளவு தொய்வு என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. இலையின் பச்சைமேல் பச்சைதான் தெரிந்தது. செம்புக் கம்பி புதிதாக இருக்கும்போது மின்னும். சில வருஷம் மழையில் கிடந்தால் கறுத்துப் பாசி நிறமாகிவிடும். அதுவரை அது எனக்கு ஒரு விஷயமாகப் பட்டதே இல்லை. சூரியனைப் பார்த்துத் திரும்பினோம், கம்பங்கள்கூடக் கண்ணுக்கு மறைந்தன. என் ஜோடிக்காரர் கட்டியிருந்த சிவப்புத் துணி ஒன்று மட்டும் படபடத்தது.

"கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள்," என்று ஓட்டுபவர் கத்தினார். "கடக்கும்போது கம்பத்தின் தலைக்கு மேலே கடக்க வேண்டும். அதைவிட உயரமாக அந்த இடத்தில் எதுவும் இருக்காது."

அதற்கு நானும் ஒன்று சொன்னேன். வரிசை திரும்பும் இடத்தில் கம்பம் சாயாமல் இருக்க ஒரு இழுகம்பியைத் தரையில் அடித்திருப்போம். அது எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறதோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம்தான் லைன் திரும்பிப் போகும். ஒற்றைக் கம்பத்தைப் பார்த்தாலே கம்பி எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். அவர் அதைக் கேட்டு ஹெலிகாப்டரை ஒரு கம்பத்தைச் சுற்றி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "பதினைந்து வருஷமாகப் பறக்கிறேன், இதை ஒருத்தரும் சொன்னதில்லை," என்றார். இறங்கி வந்தபிறகு அன்று முழுவதும் என் நடையே கொஞ்சம் மாறியிருந்ததாக என் ஜோடிக்காரர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் பள்ளிக்கூட வராந்தாவில் தேநீர் குடிக்கும்போது ஓட்டுபவரிடம் கேட்டேன், கம்பியில் மாட்டியிருக்கிறீர்களா என்று.

"ஒரு தடவை," என்றார். "என் ஊரில். ஒரு பண்ணை. காலையில் வேலை ஆரம்பிக்கும்போதே அந்தக் கம்பியைப் பார்த்தேன். பண்ணைக்காரரும் சொன்னார். காலை முழுக்க அதைத் தாண்டித் தாண்டித்தான் பறந்தேன். கடைசி ஓட்டம். பசி. வீட்டில் என்ன சாப்பாடு என்று யோசித்தேன். அடுத்தது கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் கம்பி."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஒரு ஆட்டுப்பட்டியில் உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் என்னைச் சுற்றி நின்று பார்த்தன." கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியாத கம்பியைவிட, தெரிந்து மறந்த கம்பிதான் பலரைக் கொண்டுபோயிருக்கிறது."

நான் அதை என் ஜோடிக்காரருக்கு மலாயில் சொன்னேன். அவர் என் படத்தை மறுபடி விரித்துப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. பால் மரம் வருஷத்துக்கு ஒரு தடவை இலையெல்லாம் உதிர்த்துத் துளிர்க்கும். அந்தப் பிஞ்சு இலையில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நோய் வரும். வந்தால் இலை மறுபடி கொட்டும், பால் குறையும். அதற்குக் கந்தகத் தூள் தூவ வேண்டும். இலையில் பனி ஈரம் இருக்கும்போதுதான் தூள் ஒட்டும், காற்றும் அசையக்கூடாது. அதனால் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற விடியற்காலையிலேயே ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். சாக்குச் சாக்காகக் கந்தகத்தைத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் மூக்கில் துண்டு கட்டியிருப்பார்கள். ஹெலிகாப்டர் மரங்களுக்கு மேலே பறந்தால் பின்னால் மஞ்சள் மேகம் ஒன்று மெதுவாக இறங்கும். அந்த நேரத்தில் தோட்டம் பார்க்க அழகாக இருக்கும், நாற்றம்தான் தாங்காது.

நானும் என் ஜோடிக்காரரும் மேட்டில் கொடியோடு நிற்போம். பேசிக்கொள்ள வசதி எதுவும் அந்த ஹெலிகாப்டரில் இல்லை. ஒரே ஒரு சைகைதான் வைத்திருந்தோம். இரண்டு கொடிகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரிப் பிடித்தால், என்ன ஏது என்று பார்க்காமல் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. மூன்றாம் நாள் காலையில் தொழிற்சாலைப் பக்கம் காற்று எழும்பிவிட்டது. அங்கே தூவ முடியாது. லயத்துக்குப் பின்னால் ஒரு நீளமான பள்ளம், அதில் காற்றே இல்லை. மறுநாள் செய்வதாக இருந்த அந்த இடத்தை இப்போதே செய்துவிடலாம் என்று ஓட்டுபவர் முடிவு செய்தார். படத்தை விரித்தார். அந்தப் பள்ளத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

"அங்கே கம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்றும் இல்லை," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர் தலையாட்டிவிட்டுத் தூள் நிரப்பப் போனார். நாங்கள் பள்ளத்துக்கு மேலே, லயத்தை ஒட்டிய மேட்டுக்கு நடந்தோம். சகலை புகைக்கூடத்திலிருந்து வந்து எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் கோப்பி மங்கு. அக்கா கொடுத்தனுப்பியது.

"பசியாறிட்டீங்களா சகலை? இதைக் குடிங்க முதல்ல," என்றார். "நேத்து கொழும்பு எப்படிக் கேட்டுச்சு பார்த்தீங்களா. கோவிலுக்குள்ள உட்கார்ந்து கேக்கிற மாதிரி. எல்லாம் நீங்க கட்டின கம்பி செய்யற வேலை."

கோப்பியை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது.

நாலைந்து மாசத்துக்கு முன்னால், தீபாவளிக்கு வந்திருந்தபோது, அவர் வானொலிக்கு நான்தான் ஏரியல் கட்டிக் கொடுத்தேன். எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று நானே சொன்னேன். லைசென்ஸ் இல்லாததால் ஆபீஸ் பக்கத்திலிருந்து யாருக்கும் தெரியக்கூடாது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னை மரத்தின் தலையிலிருந்து, பள்ளத்துக்குக் குறுக்கே, எதிர்ச் சரிவில் இருந்த டுரியான் மரத்துக்கு இழுத்துக் கட்டினேன். கம்பி எங்கள் இலாகா ஸ்டோரில் கழித்துப்போட்டுக் கிடந்த பழைய செம்புக் கம்பி. கேட்காமல்தான் எடுத்து வந்தேன். பாசி நிறம் ஏறியது. யார் கண்ணுக்கும் படாது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் தோட்டம் முழுக்க நடந்து கம்பி தேடியிருக்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கம்பி கொண்டுவந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டிருக்கிறேன். அது ஒரு கம்பி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சகலை வீட்டு வானொலி, அவ்வளவுதான்.

திடல் பக்கம் இன்ஜின் சத்தம் உயர்ந்தது.

என் ஜோடிக்காரரிடம் மலாயில் இரண்டே வார்த்தை சொன்னேன். "டாவாய். அங்கே." டாவாய் என்றால் கம்பி. அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டு மேட்டு விளிம்புக்கு ஓடினார். நான் மங்கைச் சகலை கையில் திணித்துவிட்டுக் கீழே லயத்துக்கு ஓடினேன்.

ஓடும்போதே ஹெலிகாப்டர் பள்ளத்துக்குள் வருவதைக் கேட்டேன். சரிவின் உச்சியில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கித் தூவுவதுதான் ஓட்டுபவரின் வழக்கம். முதல் ஓட்டம் டுரியான் மரத்துக்கும் மேலே போய்விட்டது. நான் லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டும்போது இரண்டாவது ஓட்டம். அதுவும் தப்பியது. மூன்றாவது ஓட்டம் கம்பி உயரத்துக்கு வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். தென்னை மரத்தில் ஏறுவதற்கு வெட்டியிருந்த படிகள் பனியில் வழுக்கின. இடுப்பு வார் இல்லை, ஏணி இல்லை, கீழே பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. பாதி மரத்தில் ஒரு கால் நழுவித் தொடை தேய்ந்தது. மேலே போய் மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பையிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தேன். முதல் தடவை கம்பி நசுங்கியது மட்டும்தான். இரண்டாவது தடவை அறுந்தது. 'விர்'ரென்று ஒரு சத்தம். கம்பி பாம்பு மாதிரிச் சுருண்டு பள்ளத்துக்குள் விழுந்தது.

அதே நேரத்தில் என் தலைக்கு நேரே ஹெலிகாப்டர் மூக்கை நிமிர்த்தி உயர எழும்பியது. மேட்டில் நின்ற கொடியை ஓட்டுபவர் பார்த்துவிட்டார். தென்னை மட்டைகளெல்லாம் என் முகத்தில் அடித்தன. தொட்டியில் மிச்சமிருந்த கந்தகத்தில் பெரும்பங்கு என்மேல்தான் இறங்கியது.

நான் வெட்டியதால் தப்பியதா, அவர் கொடி காட்டியதால் தப்பியதா என்று எனக்கும் என் ஜோடிக்காரருக்கும் கடைசிவரை வழக்கு தீரவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் நடந்தன. ஆனால் அவர் சொல்வதில்தான் நியாயம் அதிகம் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

சத்தம் கேட்டுப் பின்கதவைத் திறந்த அக்கா அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கி யாரென்று அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தம்பி, மஞ்சள் பூசிக்கிட்டு மரத்து மேல என்ன பண்றீங்க?" என்றார்.

நான் இறங்கித் திடலுக்குப் போனபோது இன்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே இருந்தார். இறக்கை முழுவதும் நின்ற பிறகுதான் இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளி, வானொலி, தென்னை மரம், டுரியான் மரம், என் ஆங்கிலத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் "ஒன்றும் இல்லை" என்று நான் சொன்ன குரல் என் காதிலேயே நின்றது.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. என்னோடு பள்ளத்துக்கு நடந்து வந்தார். டுரியான் மரத்திலிருந்து தொங்கிய கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இழுத்தார். முடிச்சு அசையவில்லை.

"நீங்களேவா கட்டினீர்கள்?"

"ஆமாம்."

"நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள்," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார், "இந்தத் தோட்டத்தில் உங்களுக்கு வேறு சொந்தக்காரர்கள் யாராவது உண்டா?"

என் ஜோடிக்காரருக்கு அதை மலாயில் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கும் மூச்சு வந்தது.

அன்றைக்கு இனிமேல் பறப்பதில்லை என்று ஓட்டுபவர் சொல்லிவிட்டார். இலாகா போட்ட கம்பி, தோட்டம் போட்ட கம்பி இவற்றோடு ஜனங்கள் தாங்களாகக் கட்டிக்கொண்ட கம்பியும் படத்தில் வர வேண்டும். அதை யார் சொல்வார்கள்? லைசென்ஸ் இல்லாத வானொலியை யார் ஒத்துக்கொள்வார்கள்? இங்கேதான் என் சகலை என்னை ஆச்சரியப்படுத்தினார். அவருக்குத் துரையிடம் பயம் உண்டு. வேலை போய்விடும் என்று முகம் வெளுத்துத்தான் இருந்தது. இருந்தாலும் எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வீட்டு அஞ்சடியிலும் நின்று, அந்தப் பெரிய குரலில், "நான் முதல்ல மாட்டிக்கிட்டேன். உங்க வீட்லயும் கம்பி கட்டியிருந்தா சொல்லிடுங்க. அந்த வெள்ளைக்காரரும் புள்ளகுட்டிக்காரர்தான்" என்றார்.

சொன்னார்கள். இன்னும் மூன்று வானொலிக் கம்பிகள் வெளியே வந்தன. ஒரு வீட்டில் துணி காயப்போட இரண்டு மரத்துக்கு இடையில் வெகு உயரத்தில் கம்பி கட்டியிருந்தார்கள். ஆடு எட்டக்கூடாதாம். எல்லாவற்றையும் கழற்றினோம், அல்லது சிவப்புத் துணி கட்டிப் படத்தில் ஏற்றினோம்.

சாயங்காலம் துரை எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சகலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், வேலையை விட்டு அனுப்பினாலும் மரியாதையாகப் போக வேண்டும் என்று. துரை படத்தில் புதிதாக ஏறிய கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். பெரிய கிராணி தலைகுனிந்து நின்றார். அவர் வீட்டு வானொலியும் அந்த மூன்றில் ஒன்று.

அப்போது என் ஜோடிக்காரர் முன்னால் வந்து, மிகவும் பணிவாக, படத்தில் பங்களாவின் பின்பக்கத்தைத் தொட்டார். "துவான், இங்கேயும் ஒன்று," என்றார் மலாயில். பங்களாவிலிருந்து சிற்றோடைக்கு அந்தப் பக்கம் காவல்காரர் குடிசை வரை ஒரு மணிக் கம்பி ஓடுகிறது. அவசரகாலத்தில் துரையே ஆள் வைத்துக் கட்டியது. மத்தியானம் காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது என் ஜோடிக்காரர் தலைக்கு மேலே பார்த்திருக்கிறார்.

துரை பிடரியைத் தேய்த்துக்கொண்டார். சிவப்புப் பென்சிலை வாங்கி அந்தக் கோட்டைத் தானே போட்டார். பிறகு கிராணியைப் பார்த்து, வானொலி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் எழுதி வாங்கிக் கொடுங்கள், உங்களுக்கும் சேர்த்து, என்றார். அவ்வளவோடு எங்களைப் போகச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் சகலை புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

தோட்டத்து வேலை முடிந்து டவுனுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டரிடமும் நானே சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் கம்பி எங்கேயிருந்து வந்தது?" சொன்னேன். "சுருட்டிக்கொண்டு வந்து ஸ்டோரில் வை," என்றார். வைத்தேன். ஒரு மாசம் என்னை டவுனைவிட்டு வெளி வேலைக்கு அனுப்பவில்லை. அது நியாயம்தான்.

அதற்கு முன்பே, தோட்டத்து வேலைக்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுபவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். தோட்டத்து லாரியில் காஜா பெராங் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வராமல் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பத்துக்குக் கம்பம் ஓடிய தொலைபேசிக் கம்பி, மின்சாரக் கம்பி, துணிக் கொடி எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார். என் மனைவி தோசையும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள். என் ஜோடிக்காரரின் அம்மா ஒரு கிண்ணம் மிளகாய்ச் சம்பால் அனுப்பியிருந்தார். செட்டி வீட்டுச் சம்பால் என்றால் நாங்களே பார்த்துத்தான் தொடுவோம். ஓட்டுபவர் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, மூக்குச் சிவந்தது, காது அதற்கு முன்பே சிவப்பு. இருந்தும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கிண்ணத்தைக் காட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் என் மனைவி வாசல்படியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள், "என்னங்க, என்னையும் ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போவாரான்னு கேளுங்க."

நான் கேட்கத் தயங்கினேன். அவள் என்னைத் தாண்டி அவரையே பார்த்து, விரலை மேலே காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மொழிபெயர்ப்புக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

வேலை முடிந்த கடைசி நாள், தூள் தொட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு, துரையின் சம்மதத்தோடு ஓட்டுபவர் சிலரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பெரிய கிராணி போனார், என் ஜோடிக்காரர் போனார். சகலையை எவ்வளவு இழுத்தும் வரவில்லை. தன் எடைக்கு அந்த வண்டி தாங்காது என்று எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, அதற்குமேல் கம்பம் ஏறும்போது நான் கட்டும் வாரையும் கட்டிவிட்டேன். ஓட்டுபவர் அதைச் சோதித்துப் பார்த்து, சரி என்று கட்டை விரலைக் காட்டினார். ஹெலிகாப்டர் எழும்பியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயர்களைச் சொன்னார். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது பெரிய பத்து நிமிஷம்.

இறங்கியதும் ஓடிப்போய் வாரை அவிழ்த்தேன். அவளுடைய கூந்தல் முழுக்கக் கலைந்திருந்தது. காதுக்குள் இன்னும் சத்தம் இருந்ததால் கத்திப் பேசினாள்.

"அக்கா வீட்டுக் கூரையில ரெண்டு தகரம் தூக்கிக்கிட்டு நிக்குது. மழைக்கு முன்னால ஆணி அடிக்கச் சொல்லுங்க."

சகலை உடனே ஏணி தேடிப் போனார்.